ஒரு வாய்மொழி உத்தரவு குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

முதலில் ஒரு திருத்தம். உனக்கு எதிராக நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்று நம் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பால்காரர்கூட நேற்று என் முகத்தைப் பார்க்காமல் பாலை ஊற்றிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு தவறு. அப்படி யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம் உன் மாமா, "எங்கக்கா வாயத் தெறக்க மாட்டா, பெத்த பிள்ளையக் காட்டிக்குடுப்பாளா?" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதுவும் தவறு. அவனிடமும் நான் அப்படிச் சொல்லவில்லை. நான் இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை என்பதுதான் உண்மை. இது எனக்குப் பழக்கமில்லாத நிலைமை என்பது உனக்குத் தெரியும். நான் படித்த கான்வென்ட்டில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். விடை தெரியாத பிள்ளையும் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு விடை தெரியவில்லை, சிஸ்டர்" என்று சொல்லித்தான் உட்கார வேண்டும். அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய நிலை அங்கே எனக்கு வந்ததே இல்லை. இப்போது எழுபது வயதைத் தாண்டிய பிறகு வந்திருக்கிறது.

விசாரணை அதிகாரியிடமிருந்து வந்த கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. உன் ஒன்றியத்தின் ஓவர்சியர் சண்முகராஜ் தன் தரப்புச் சாட்சியாக என் பெயரைக் கொடுத்திருக்கிறார். வருகிற வியாழக்கிழமை நான் வரலாம், வராமலும் இருக்கலாம், கட்டாயம் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கட்டாயம் என்று எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சேலையை மாற்றிக்கொண்டு போயிருப்பேன். முடிவை என்னிடமே விட்டுவிட்டதால்தான் இத்தனை சங்கடம்.

நடந்ததை எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன். தவறு இருந்தால் ஓரத்தில் திருத்து. அன்றைக்கு உன் அப்பாவின் வருஷத் திதி. மழை எச்சரிக்கை இருந்ததால் உன்னைப் போன்ற அதிகாரிகள் யாரும் தலைமையிடத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். நீ அதைப் போனில் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. "ஒரே பிள்ளை. நீ வரலைன்னா அந்தப் படையலை யாரு போடுறது?" என்று கேட்டேன். இத்தனைக்கும் ஜீப்பில் ஒரு மணி நேர தூரம்தான். போய்த் திரும்பினால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற வார்த்தையும் என் வாயிலிருந்து வந்ததுதான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நீ வந்தாய். வாசலிலேயே செருப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தும் கரிசல் மண் உதிரவில்லை. அப்படியே கழற்றிப் போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்து, சேனைக்கிழங்கை எடுத்து வைத்து நறுக்க உட்கார்ந்தாய். அப்போதுதான் போன் அடித்தது. கையில் கிழங்குச் சாறு இருந்ததால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாய். அந்தக் கிழங்கு இல்லாவிட்டால் நீ போனைக் காதில் வைத்திருப்பாய், நான் பாதிதான் கேட்டிருப்பேன்.

சண்முகராஜ் கத்தித்தான் பேசினார். அந்தப் பக்கம் மழைச் சத்தம். "மேடம், கலுங்கு மேல கீழூர்க்காரங்க மூட்டை அடுக்கி வச்சிருக்காங்க மேடம். தண்ணி திரும்பிக் காலனித் தெருவுக்குள்ள ஏறிட்டு. இடுப்பளவு நிக்கிது." கண்மாய் நிரம்பி வழியும் அந்தக் கல் தடுப்பின்மேல் மணல் மூட்டை அடுக்குவது இந்தப் பக்கத்து வழக்கம்தான். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நின்றால் மக்காச்சோளத்துக்கு ஒரு தண்ணீர் கூடப் பாயும், சித்திரை வரைக்கும் ஆடுகளுக்குக் குடிக்கக் கிடைக்கும். அடுக்குகிறவர்கள் தங்கள் ஆட்டையும் பயிரையும் நினைத்து அடுக்குகிறார்கள். ஆனால் அந்த ஒரு முழம் மேலே ஏறும் இடத்தில்தான் காலனி இருக்கிறது. காலனிக்கு எப்போதும் பள்ளத்தில்தான் இடம் ஒதுக்குகிறார்கள். மூட்டையை எடுக்கச் சொல்லக் கூடாதா என்று நீ கேட்டாய். "சொன்னா கம்போட நிக்கிதாங்க மேடம். எம்மேல கை வச்சிட்டாங்க" என்றார் அவர். ஜேசிபி இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது என்றார்.

"அப்போ கலுங்கு ஓரத்துல கரைய வெட்டி விடுங்க."

"மேடம்... ஒரு மெசேஜ் மட்டும் போட்டுவிட்டிருங்க மேடம். கரைய வெட்டுதோம், நாளைக்கு எவனாவது கேப்பான்."

"சண்முகராஜ், நான் சொல்லுதேன்லா? தெருவுல பச்சப்பிள்ளைங்க இருக்கு. முதல்ல வெட்டுங்க. பேப்பரெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

"சரிங்க மேடம்."

இவ்வளவுதான். நீ கையைக் கழுவிவிட்டு வந்து இலை போட்டாய். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்டது பெருமை. உன் அப்பாவின் படத்தைப் பார்த்து, கேட்டீர்களா என்று மனதுக்குள் சொன்னேன். பச்சைப்பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும்போது ஒரு பெண் கிழங்கு நறுக்கியபடியே ஒரு தெருவைக் காப்பாற்றிவிட்டாள் என்று தோன்றியது. உனக்குப் பாயசத்தில் ஒரு கரண்டி கூட ஊற்றினேன். நீ பாதி சாப்பாட்டில் எழுந்து ஜீப்பில் ஏறிப் போய்விட்டாய்.

காலனி காப்பாற்றப்பட்டது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் வெட்டின இடம் வெட்டினபடி நிற்கவில்லை. தண்ணீர் கரையை அரித்து அரித்து வாயைப் பெரிதாக்கி, விடிவதற்குள் கண்மாய் மொத்தமும் காலியாகிவிட்டது. கீழூர்க்காரர்களின் உளுந்தும் போயிற்று, கோடைக்கு வைத்திருந்த தண்ணீரும் போயிற்று. அவர்கள் ஆடு மாடுகளோடு ரோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கரையை வெட்டச் சொன்னது யார் என்று கலெக்டர் அலுவலகம் கேட்டது. அப்படி உத்தரவு எதையும் நீ கொடுக்கவில்லை, ஓவர்சியர் தன் இஷ்டத்துக்குச் செய்துவிட்டார் என்று நீ பதில் அனுப்பியிருக்கிறாய். அவர் சஸ்பெண்ட் ஆகிவிட்டார்.

இதை எனக்குச் சொன்னது நீ அல்ல. அவர் மனைவி செல்வி. டவுன் பஸ் பிடித்து, விலாசம் விசாரித்து, ஒரு மத்தியானம் வந்து வாசலில் நின்றது அந்தப் பெண். உள்ளே வா என்றேன். வந்தது. உட்கார் என்றேன். உட்காரவில்லை. "நீங்க அன்னைக்குப் பக்கத்துல இருந்தீகளாம்மா? பின்னால பாத்திரச் சத்தம் கேட்டுச்சு, மேடத்தோட அம்மா யாரையோ இலை எடுத்துட்டு வரச் சொன்னாகன்னு அவிய சொல்லுதாவ" என்றது. சொன்னேன், உண்மைதான். ஜீப் டிரைவரிடம்தான் இலை கேட்டேன். "அப்போ மேடம் சொன்னதும் ஒங்க காதுல விழுந்திருக்கும்லம்மா?" என்று கேட்டது. காபி போடவா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டது. என்ன சிரிப்பு என்று கேட்டதற்கு, "இல்லம்மா, அவியளும் ஆபீஸ்ல போய்க் கேட்டப்போ எல்லாரும் காப்பிதான் குடுத்தாவளாம்" என்றது. கடைசியில் காபி போட்டேன். குடித்தது. போகும்போது, "நாங்க மேடத்தக் குத்தம் சொல்ல வரலம்மா. மேடம் சொன்னது சரிதான்னு அவியளே சொல்லுதாவ. சொன்னேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

இதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். கடம்பூர் போளிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாய். அன்று நாம் பேசியதை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். "அம்மா, நான் சொன்னேன்னு ஒத்துக்கிட்டா என்ன நடக்கும்? அவரும் சஸ்பெண்ட், நானும் சஸ்பெண்ட். ஹெட்குவார்ட்டர்ஸ்ல இல்லைங்கிறது தனி சார்ஜ். உள்ள ஒருத்தர் இருந்தாத்தான் வெளிய போனவரத் திரும்பக் கொண்டாந்து சேக்க முடியும்" என்றாய். கேட்டபோது சரியாகப்பட்டது. "எனக்கு அடுத்து வாரவர் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. காலனிக்கு மேட்டுல இடம் பாத்து ஃபைல் போட்டிருக்கேன். நான் போனா அது அப்படியே மூடிரும்" என்றாய். அதுவும் சரியாகத்தான் பட்டது. அப்புறம் நான் கேட்டேன்: "அவரு என்ன தப்பு செஞ்சாரு?"

"அவரு ஒண்ணும் செய்யலம்மா."

"அப்போ ஏன் அவருக்குத் தண்டனை?"

"தண்டனை இல்லம்மா, சஸ்பென்ஷன். பாதிச் சம்பளம் வந்துக்கிட்டுதான் இருக்கும். கொஞ்ச நாள்ல நான் சரி பண்ணிருவேன்."

"அது அவருக்குத் தெரியுமா?"

"அதை எப்படிம்மா அவர்கிட்டச் சொல்ல முடியும்?"

இந்த இடத்தில் நீ தண்ணீர் குடித்தாய். நானும் குடித்தேன். அன்றைக்குக் காலையில் உன் பேச்சில் ஒரு ஓட்டை தெரிந்தது, மாலையில் அந்த ஓட்டை எங்கே இருந்தது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் காலையில் மறுபடியும் தெரிந்தது. அன்றிலிருந்து இதே கதைதான். புறப்படும்போது, நீ வந்ததிலிருந்து வெயிலில் நிற்கும் டிரைவரைக் காபிக்குக் கூப்பிட்டேன். "வேண்டாம்மா, அவருக்குப் பழக்கம்தான்" என்றாய். அதையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

நான் ஏன் இவ்வளவு குழம்புகிறேன் என்று நீ கேட்கலாம். உன் அப்பாவோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். அவர் எழுத்தில் இல்லாத எதையும் செய்யாதவர். வீட்டுக்குக் கொண்டுவரும் இங்கிலீஷ் வரைவுகளை இந்த மேசையில் வைத்துத்தான் நான் திருத்திக் கொடுப்பேன். தாலுகா ஆபீஸில் அவருக்கு வைத்த பெயரும் எனக்குத் தெரியும். "எழுத்துல வரட்டும்" என்றே கூப்பிட்டார்கள். அதை அவரிடம் யாரும் நேரே சொன்னதில்லை. நான் ஒருநாள் சொன்னேன். "நல்ல பேருதானே" என்றார். ஒரு கோடையில் லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்ற வேண்டிய கிராமங்களின் பெயர்கள் உத்தரவில் வந்தன. நாகலாபுரம் பக்கம் ஒரு சின்ன ஊர் அதில் விட்டுப்போயிருந்தது. தட்டச்சில் விட்டுப்போனதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். நிறைந்த லாரி ஆபீஸ் வளாகத்தில் நிற்கிறது. ஊர்க்காரர்கள் வந்து நிற்கிறார்கள். இவர் கலெக்டர் அலுவலகத்துக்குத் திருத்தம் கேட்டு எழுதி, பதில் வரும்வரை லாரியை அனுப்பவில்லை. இரண்டு நாள். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி நம் வீட்டு வாசலில் காலிக்குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். திருத்தம் வந்த அதே மணியில் லாரியும் போயிற்று.

இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒரு தூசு படாமல் பென்ஷன் வாங்கினவர் என்று சொல்வதற்கு எனக்கு இருந்த சான்று இதுதான். நீ ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டே, "அந்த ரெண்டு நாளும் அவங்க எதக் குடிச்சாங்க?" என்று கேட்டாய். உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அதற்கு முன்பே ஒருமுறை குளித்திருந்தார். பெரியவர்களிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்று உன்னை நான்தான் அதட்டினேன். அந்தக் கேள்வியோடுதான் நீ பரீட்சை எழுதி, இந்த வேலைக்குப் போனாய் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்தில் வரும்வரை யாரும் தாகத்தோடு காத்திருக்கக் கூடாது என்று நீ முடிவு செய்திருக்கலாம். இதை நீ என்னிடம் சொன்னதில்லை. நானாக யூகிக்கிறேன்.

அதன் பலனையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். போன வருஷம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்தேன். டிரைவர் உன் ஒன்றியத்துக்காரர். எப்படியோ தெரிந்துகொண்டு, "நீங்க மேடத்துக்கு அம்மாவா? அவுக மனு கினு கேக்க மாட்டாகம்மா. ஒரு போனு. மக்கா நாளு காலைல பைப்புல தண்ணி வந்துரும். முன்ன இருந்தவரு அந்தப் பேப்பர் எங்க, இந்தப் பேப்பர் எங்கன்னே ரிட்டயர்டு ஆயிட்டாரு" என்றார். காசு வேண்டாம் என்றார். அதெல்லாம் கூடாது என்று முழுசாகக் கொடுத்தேன். வீட்டுக்குள் வந்து ரொம்ப நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். முன்பு இருந்தவர் என்று அவர் சொன்னது என் வீட்டுக்காரரைப் போன்ற ஒருவரைத்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் இதையும் எழுத வேண்டும். உன் அப்பா போன அன்று மழை. சொந்தக்காரர்கள் பாதிப்பேர் வரவில்லை. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். தலையாரிகள், கிளார்க்குகள், ரிட்டயர்டு ஆன பியூன். பந்தலுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார்கள். அதில் ஒருவர் என்னிடம், "அய்யா கையெழுத்து இல்லாம எங்கள எங்கயும் அனுப்புனது இல்லம்மா. அவுகளால எங்க வீட்ல ஒருத்தரும் அழுதது இல்ல" என்றார். சாவு வீட்டில் சொல்கிற பேச்சு என்று அப்போது நினைத்தேன். செல்வி வந்து போன பிறகுதான் அது என்ன பேச்சு என்று புரிந்தது. உன் அப்பாவால் ஒரு ஊர் தவித்தது. அவருக்குக் கீழே இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். உன்னால் ஒரு தெரு பிழைத்தது. உனக்குக் கீழே இருந்தவரின் மனைவி என் வீட்டில் உட்காராமல் நிற்கிறது. இதில் யார் நல்ல அதிகாரி என்று கேட்டால் நான் எழுந்து நின்று அந்தக் கான்வென்ட் வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

உன் மாமா எனக்குப் புத்தி சொல்ல வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எக்கா, கவர்மெண்டுன்னா மேல உள்ளவன் வாயால சொல்லுவான், கீழ உள்ளவன் கையால செய்வான். மாட்டுனா கைதான் மாட்டும். இது எல்லா ஆபீஸ்லயும் உள்ளதுதான். இதுக்குப் போயி நீ ஏன் சாப்பிடாம கெடக்கே?" என்றான். நான் சாப்பிடாமல் இல்லை, அதையும் திருத்திவிடு. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒனக்குக் காது மந்தம்னு சொல்லிருவோம். வயசாயிட்டுல்லா" என்றான். என் காதுக்கு ஒன்றும் இல்லை. அவன் தெருமுனையில் வரும்போதே செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். எழுந்து போ என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவன் போன பிறகு, அப்படிச் சொன்னால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷம்தான். யோசித்ததை மறைக்கவில்லை.

எனக்குப் புரிகிற ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நீ உத்தரவு கொடுத்ததில் எனக்கு இன்றைக்கும் குறை தெரியவில்லை. அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருக்க முடியாது. "நான் பாத்துக்கிடுதேன்" என்ற சொல்லை நம்பித்தான் அந்த மனுஷன் ஜேசிபியைக் கிளப்பினார். உன் சம்பளமும் பதவியும் அவருடையவற்றைவிடப் பெரியவை. அந்தச் சொல்லைச் சொல்கிற உரிமையை அவைதான் உனக்குக் கொடுத்தன என்று நான் நினைக்கிறேன். அப்படியானால் கேட்க வேண்டியவர்கள் வந்து கேட்டபோது நீ அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருக்க வேண்டும். இதுவரைக்கும் எனக்கு நேராகத் தெரிகிறது. இதற்கு அப்பால் போனால் காலனியின் மேட்டு நிலம் வருகிறது, உன் ஃபைல் வருகிறது, உன்னை இங்கே வரவழைத்த என் பிடிவாதம் வருகிறது. நான் சாட்சிக்குப் போனால், மகள் எங்கே இருந்து பேசினாள் என்ற கேள்விதான் முதலில் வரும். என் வீட்டு அடுப்படியில் என்று சொல்ல வேண்டும். யார் வரச் சொன்னது என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்ல வேண்டும். எனக்கு அதைச் சொல்ல வெட்கமாக இல்லை. ஆனால் அதற்கான தண்டனை எனக்கு வராது, உனக்கு வரும். நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறவளாக ஆகிவிட்டேனா?

போகாமல் இருந்துவிடலாம் என்றால், அது வேறு ஒரு குழப்பம். கண்மாய் காலியானது சண்முகராஜுடைய கிறுக்குத்தனம் என்று கீழூர்க்காரர்கள் காலத்துக்கும் சொல்வார்கள். அவர் அந்த ரோட்டில்தான் தினமும் போய்வர வேண்டும். போன வாரம் சந்தையில் ஒருவன் அவரை நிறுத்தி, "என்ன ஓவர்சியர், எங்க தண்ணிய எங்கன கொண்டு வித்தீரு?" என்று கேட்டானாம். செல்வி போனில் சொன்னது. அவர் கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். நீ அவரைத் திரும்ப வேலையில் சேர்த்துவிடுவாய், அதை நான் நம்புகிறேன். சந்தையில் அவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எந்த ஃபைலில் எழுதுவாய்?

கடைசியாக ஒன்று. இரண்டு நாளாக நீ கூப்பிடுகிறாய், நான் எடுக்கவில்லை. கோபம் இல்லை. போனில் நீ பேசினால் நான் இளகிவிடுவேன், "நீ சொல்லுறபடி செய்யுதேன்" என்று சொல்லிவிடுவேன். வைத்த பிறகு, நீ என்ன சொன்னாய், நான் எதற்குச் சரி என்றேன் என்று இருவருக்குமே தெரியாமல் போய்விடும். ஆகவே முடிவை உன்னிடம் விடுகிறேன். இந்த வீட்டில் இப்போது அதிகாரம் உள்ளவள் நீதான். வியாழக்கிழமை நான் போகக் கூடாது என்று நீ முடிவு செய்தால், நான் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பேன், ஏன் என்று யார் கேட்டாலும் உன் பெயர் என் வாயில் வராது. போகலாம் என்றால், காலை பஸ்ஸில் போய்க் கேட்டதை முழு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வருவேன். எனக்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடுகிறாய் என்றால், அதைப் போல எனக்குத் தூக்கம் கொடுக்கிற செய்தி வேறு இல்லை. பதிலே வராவிட்டால் என்ன செய்வேன் என்று மட்டும் கேட்காதே. அது எனக்குத் தெரியவில்லை.

மூன்றில் எதுவானாலும் சரி, அதை உன் கையால் எழுது. "அம்மா போக வேண்டாம்" என்பதுதான் உன் முடிவு என்றால் அந்த மூன்று வார்த்தைகளை எழுதி, கீழே உன் கையெழுத்தைப் போட்டு, தேதியிட்டு அனுப்பு. டிரைவரிடம் கொடுத்துவிடாதே, தபாலில் போடு. புதன்கிழமைக்குள் எனக்கு உன் பதில் எழுத்தில் வேண்டும்.

அம்மா